விக்கி தொடங்கும் முன்: பலரின் உழைப்பு எங்கே பத்திரமாக இருக்கும்?

படிக்க வருபவரே திருத்தவும் கூடிய இணையத்தளம்தான் விக்கி. பக்கத்தின் மேலே இருக்கும் ‘தொகு’ பொத்தானை அழுத்தினால் எழுதும் பெட்டி திறக்கும். பிழையைத் திருத்தலாம், புதிய பத்தி சேர்க்கலாம். சேமித்த கணமே அது எல்லோர் பார்வைக்கும் வந்துவிடும். பழைய வடிவம் அழிவதில்லை. யார், எந்த நாளில், எதை மாற்றினார் என்பது பக்க வரலாற்றில் வரிசையாகப் பதிந்திருக்கும். வேண்டாத மாற்றத்தை நீக்கி முந்தைய நிலைக்குத் திரும்புவது எளிது. ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு பேச்சுப் பக்கம் உண்டு. கருத்து வேறுபாடு வந்தால் அங்கே பேசித் தீர்த்துக்கொள்வார்கள். முன்பின் அறியாத பலர் சேர்ந்து ஒரே நூலை எழுதுவதற்கு இதைவிட எளிய கருவி இதுவரை வரவில்லை.

ஊர் வரலாறு, மரபு விதைகளின் பட்டியல், கோயில் கல்வெட்டுகளின் விவரம், பாடத்திட்டக் குறிப்புகள் என்று எதைத் தொகுக்க நினைப்பவர்களும் ஒரு கட்டத்தில் விக்கியை நினைப்பார்கள். உடனே எழும் கேள்வி, அதை எங்கே வைப்பது என்பது. சொந்தமாக வழங்கி எடுத்து, மென்பொருளை நிறுவி, பாதுகாப்பைக் கவனிக்க எல்லோராலும் முடியாது. ஆகவே, இடமும் மென்பொருளும் பராமரிப்பும் சேர்த்துத் தரும் விக்கிச் சேவைகளைப் பலர் நாடுகிறார்கள். பதிவுசெய்த சில நிமிடங்களில் தளம் கையில் கிடைத்துவிடுவதால், அந்தத் தேர்வு பெரும்பாலும் அவசரத்தில் நடந்துவிடுகிறது. ஆனால் பல ஆண்டுகளுக்குப் பின் பலருடைய உழைப்பு பிழைக்குமா, காணாமல் போகுமா என்பதை அந்தச் சில நிமிடங்களே தீர்மானிக்கின்றன.

விக்கி வந்த வழி

முதல் விக்கியை அமெரிக்க நிரலாளர் வார்ட் கன்னிங்காம் 1995 மார்ச் 25 அன்று இணையத்தில் வைத்தார். மென்பொருள் வடிவமைப்பாளர்கள் தங்கள் அனுபவங்களைப் பகிர்ந்துகொள்வதற்கான இடமாக அது தொடங்கியது. 2001 ஜனவரி 15 அன்று ஜிம்மி வேல்சும் லாரி சாங்கரும் விக்கிப்பீடியாவைத் தொடங்கினார்கள். முதலில் அது யூஸ்மாட்விக்கி என்ற சிறிய மென்பொருளில் ஓடியது. கட்டுரைகளும் வாசகர்களும் பெருகியதும் அது தாங்கவில்லை. 2002இல் புதிய மென்பொருள் எழுதப்பட்டது. அதன் வளர்ச்சிதான் இன்றைய மீடியாவிக்கி. இது கட்டற்ற மென்பொருள். யாரும் இலவசமாக எடுத்து நிறுவலாம், மாற்றியமைக்கலாம். உலகின் பெரிய பொது விக்கிகளில் பெரும்பாலானவை இதில்தான் இயங்குகின்றன.

விக்கிப்பீடியாவின் வெற்றியைக் கண்டு, மற்றவர்களுக்கும் விக்கி அமைத்துத் தரும் சேவைகள் பிறந்தன. ஜிம்மி வேல்சும் ஏஞ்சலா பீஸ்லியும் 2004இல் தொடங்கிய விக்கிசிட்டீஸ், 2006இல் விக்கியா ஆகி, இன்று ஃபேண்டம் என்ற பெயரில் நடக்கிறது. 2005இல் விக்கிஸ்பேசஸ், பிபிவிக்கி ஆகியவை வந்தன. 2006இல் போலந்திலிருந்து விக்கிடாட் வந்தது. 2015இல் தன்னார்வலர்கள் மிராஹீஸ் என்ற சேவையைத் தொடங்கினார்கள். இவற்றில் சில இன்றும் நடக்கின்றன, சில மூடப்பட்டுவிட்டன, சில கைமாறிவிட்டன.

தனி விக்கி தேவைதானா?

சேவையைத் தேடும் முன் கேட்க வேண்டிய கேள்வி இது. சேர்க்க நினைக்கும் தகவல், ஏற்கெனவே நடந்துவரும் விக்கித் திட்டம் ஒன்றில் பொருந்துமானால் அங்கே சேர்ப்பதே நல்லது. தமிழ் விக்கிப்பீடியா 2003 முதல் நடக்கிறது. அதற்கு அடித்தளமிட்டவர்களில் முதன்மையானவர் இ. மயூரநாதன். அவருக்குக் கனடாவின் தமிழ் இலக்கியத் தோட்டம் 2015ஆம் ஆண்டுக்கான இயல் விருதை வழங்கியது. 2017இல் தமிழ் விக்கிப்பீடியாவின் கட்டுரைகளின் எண்ணிக்கை ஒரு லட்சத்தைத் தாண்டியது. சொற்களுக்கு விக்சனரி, பழைய நூல்களுக்கு விக்கிமூலம், படங்களுக்கு விக்கிமீடியா பொதுவகம் இருக்கின்றன. பராமரிப்புச் செலவு இல்லை, விளம்பரம் இல்லை, கண்காணிக்கும் அனுபவமுள்ள பயனர்கள் ஏற்கெனவே இருக்கிறார்கள்.

ஆனால் விக்கிப்பீடியாவுக்கு எல்லைகள் உண்டு. எழுதப்படும் பொருள் குறிப்பிடத்தக்கதாக இருக்க வேண்டும். தகவலுக்கு ஏற்கெனவே வெளியான நம்பகமான சான்று வேண்டும். எழுதுபவரின் சொந்த ஆய்வுக்கு அங்கே இடமில்லை. ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டு எழுதிய வாய்மொழி வரலாறு, ஒரு தெருவின் கதை, ஒரு பள்ளியின் பழைய மாணவர் விவரம், செய்முறைக் குறிப்பு போன்றவை அங்கே நிலைக்காது. இவற்றுக்குத் தனி விக்கியே சரி.

தனித் தேவையால் தனி விக்கி கண்டவர்களுக்குத் தமிழில் நல்ல முன்னுதாரணங்கள் உண்டு. ஈழத்து நூல்களையும் இதழ்களையும் ஆவணங்களையும் எண்மப்படுத்தி வைக்கும் நூலகம் திட்டம் 2005இல் தொடங்கியது; அதன் நூற்பட்டியல் மீடியாவிக்கியில் கட்டப்பட்டது. ஒவ்வொரு நூலுக்கும் ஒரு பக்கம், ஆசிரியர் வாரியாகவும் ஆண்டு வாரியாகவும் பகுப்பு என்று, விக்கியின் அமைப்பையே நூலகத்தின் அட்டவணையாக அது மாற்றிக்கொண்டது. எழுத்தாளர் ஜெயமோகனின் முயற்சியால் 2022இல் தொடங்கிய தமிழ் விக்கி வேறொரு வழியில் செல்கிறது. அங்கே யாரும் நேரடியாகத் திருத்த முடியாது. பங்களிப்புகள் ஆசிரியர் குழுவின் பார்வைக்குப் பிறகே ஏற்கப்படும். எல்லோருக்கும் திறந்த கதவு, ஆசிரியர் குழு காக்கும் கதவு ஆகிய இந்த இரண்டில் எது தமக்கு வேண்டும் என்று முதலிலேயே முடிவு செய்தவர்களால்தான் சேவையைச் சரியாகத் தேர்ந்தெடுக்க முடியும்.

சேவைகளின் வகைகள்

விக்கிச் சேவைகளை, அவற்றுக்குப் பணம் எங்கிருந்து வருகிறது என்பதை வைத்துப் பிரித்தால் அவற்றின் இயல்பு தெளிவாகும்.

முதல் வகை விளம்பர வருவாயில் நடப்பவை. ஃபேண்டம் இவற்றில் பெரியது. கட்டணம் இல்லை, எவ்வளவு வாசகர் வந்தாலும் தாங்கும், திரைப்படம், தொடர், கணினி விளையாட்டு ரசிகர்கள் கூடும் இடமாதலால் புதுப் பங்களிப்பாளர்களும் கிடைப்பார்கள். இதற்கு ஈடாகப் பக்கத்தின் தோற்றத்தையும் விளம்பரத்தின் அளவையும் நிறுவனமே தீர்மானிக்கும். முகவரியும் அதனுடையதே, சொந்த டொமைனில் தளத்தை நடத்த முடியாது. 2018இல் இந்நிறுவனத்தை டிபிஜி என்ற முதலீட்டு நிறுவனம் வாங்கியது. பொழுதுபோக்குக்கு வெளியே உள்ள பொருள்களுக்கு, குறிப்பாகக் கல்வி, சமூக வரலாறு போன்றவற்றுக்கு, இந்தச் சூழல் பொருந்துவதில்லை.

இரண்டாம் வகை நன்கொடையில் நடப்பவை. மிராஹீஸ் இதற்கு எடுத்துக்காட்டு. மீடியாவிக்கியின் பெரும்பாலான வசதிகளை விளம்பரமின்றி, கட்டணமின்றி அது தருகிறது; சொந்த டொமைனை இணைக்கவும் இடமுண்டு. விக்கி வேண்டுமென்று விண்ணப்பித்தால் தன்னார்வலர்கள் நோக்கத்தைப் படித்துப் பார்த்து அனுமதிப்பார்கள். நீண்ட நாள் யாரும் தொகுக்காத விக்கிகளை மூடும் விதியும் உண்டு. பலம், பலவீனம் இரண்டுமே தன்னார்வத்தில்தான் இருக்கின்றன. 2023 ஜூனில், நடத்தியவர்கள் தொடர இயலாமல் சேவையை மூடுவதாக அறிவித்தார்கள். ஆயிரக்கணக்கான விக்கிகள் திகைத்து நின்றன. பிறகு புதிய தன்னார்வலர்கள் பொறுப்பேற்க, சேவை பிழைத்தது. இன்று விக்கிடைடு என்ற லாப நோக்கற்ற அமைப்பு அதை நடத்துகிறது.

மூன்றாம் வகை கட்டணச் சேவைகள். மாதச் சந்தாவுக்கு மீடியாவிக்கியை அமைத்து, புதுப்பித்து, காப்புப்படி எடுத்துத் தரும் நிறுவனங்கள் பல உள்ளன. விளம்பரத் தொல்லை இல்லை, கேட்டால் பதில் கிடைக்கும். ஆனால் சந்தா நின்ற மாதம் தளமும் நிற்கும். ஒரு சங்கமோ கல்லூரித் துறையோ ஆண்டுதோறும் நிதி ஒதுக்க உறுதி தந்தால் மட்டுமே இது நீண்டகாலத்துக்கு ஏற்றது. ஆர்வமுள்ள ஒருவரின் சட்டைப்பையை நம்பி இதில் இறங்கக் கூடாது.

நான்காம் வகை சொந்த மென்பொருளில் இயங்குபவை. விக்கிடாட் அப்படிப்பட்டது. கற்பனை ஆவணங்களால் புகழ்பெற்ற எஸ்சிபி அறக்கட்டளை என்ற கூட்டு எழுத்து முயற்சி 2008 முதல் அதில் வளர்ந்தது. காலப்போக்கில் அந்தச் சேவையின் வளர்ச்சி தேங்கியதும், எஸ்சிபி பங்களிப்பாளர்கள் வெளியேறுவதற்காக விக்கிஜம்ப் என்ற மாற்று மென்பொருளைத் தாங்களே எழுதத் தொடங்க வேண்டியதாயிற்று. பக்கங்கள் அந்தச் சேவைக்கே உரிய குறிமுறையில் எழுதப்பட்டவை. வேறு எந்த மென்பொருளும் அதை அப்படியே படிக்காது என்பதே காரணம். மீடியாவிக்கியில் எழுதியவர்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை. ஒரு சேவை போனால் அதே மென்பொருள் உள்ள இன்னொன்றுக்குப் போய்விடலாம்.

இவை தவிர, கிட்ஹப் தளத்தில் நிரல் திட்டங்களோடு சேர்ந்து வரும் விக்கி உண்டு. முழு வரலாற்றோடு தரவிறக்க எளியது. ஆனால் இயல்பாகத் திட்ட உறுப்பினர்கள் மட்டுமே திருத்த முடியும். எல்லோருக்கும் திறந்துவிட்டால் தேடுபொறிகள் அதைப் பட்டியலிடாதபடி அத்தளம் தடுத்துவைக்கிறது. எனவே நிரலாளர் கையேட்டுக்கு அது போதும், பொது அறிவுத் தொகுப்புக்குப் போதாது. கான்ஃப்ளுவன்ஸ், நோஷன் போன்றவை ஓர் அலுவலகத்துக்குள் குறிப்பு வைத்துக்கொள்ள உருவானவை. முகம் தெரியாத ஆயிரம் பேர் வந்து எழுதி, ஒருவரையொருவர் சரிபார்க்கும் வேலைக்கு அவை வடிவமைக்கப்படவில்லை.

இடம்பெயர்ந்தவர்களின் அனுபவம்

கடந்த இருபது ஆண்டுகளில் விக்கிச் சமூகங்கள் பலமுறை இடம்பெயர்ந்திருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு பாடம்.

விக்கிஸ்பேசஸ் உலகெங்கும் ஆசிரியர்கள் விரும்பிய சேவை. வகுப்பறைத் திட்டங்களுக்கு இலவசமாக இடம் கொடுத்தது. மென்பொருளையும் கட்டமைப்பையும் இன்றைய தரத்துக்குக் கொண்டுவர ஆகும் செலவு மிகப் பெரியது என்று சொல்லி, 2018இல் மூடப்போவதாக அறிவித்தது. இலவச விக்கிகள் 2018 ஜூலை 31 அன்றும், கட்டண விக்கிகள் அதற்குப் பின்னரும் நின்றன. அறிவிப்பைக் கவனித்தவர்கள் தரவிறக்கிக்கொண்டார்கள். ஆசிரியர் பணி மாறிப்போன, மாணவர்கள் படித்து முடித்துப் போன விக்கிகளை எடுத்துவைக்க ஆளில்லை. சேவை நல்ல பெயரோடு பல ஆண்டுகள் நடந்தது என்பது அது என்றும் நடக்கும் என்பதற்கு உறுதி ஆகாது.

விக்கிடிராவல் கதை வேறு. எவன் பிரட்ரோமோவும் மிச்செல் ஆன் ஜென்கின்சும் 2003இல் தொடங்கிய இந்தப் பயண வழிகாட்டியை 2006இல் இன்டர்நெட் பிராண்ட்ஸ் நிறுவனம் வாங்கியது. வணிகக் கை மாறியதை ஏற்காத ஜெர்மன் பங்களிப்பாளர்கள் அதே ஆண்டு இறுதியில் உள்ளடக்கத்தைப் பிரதியெடுத்து விக்கிவோயேஜ் என்ற தனித் தளம் கண்டார்கள். 2012இல் ஆங்கிலப் பகுதியினரும் வெளியேற முடிவெடுத்தார்கள். நிறுவனம் தன்னார்வலர் இருவர் மீது வழக்குத் தொடுத்தது. வழக்குகள் 2013இல் சமரசத்தில் முடிந்தன. விக்கிவோயேஜ் 2013 ஜனவரி 15 முதல் விக்கிமீடியாவின் திட்டங்களில் ஒன்றாயிற்று. ஒன்பது ஆண்டு உழைப்பைச் சட்டப்படி எடுத்துச்செல்ல முடிந்ததற்குக் காரணம், தொடக்கத்திலேயே கட்டற்ற உரிமத்தில் எழுதியிருந்ததுதான்.

வோர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட் விளையாட்டுக்கான விக்கி 2004இல் தொடங்கி 2007இல் விக்கியாவில் சேர்ந்தது. 2010இல் அந்நிறுவனம் எல்லா விக்கிகளுக்கும் புதிய தோற்றத்தைக் கட்டாயமாக்கியபோது, பங்களிப்பாளர்கள் வெளியேறி கர்ஸ் நிறுவனத்தின் இடத்தில் வவ்பீடியாவைத் தொடங்கினார்கள். 2018 டிசம்பரில் கர்ஸின் விக்கிகளையும் ஃபேண்டமே வாங்கிவிட்டது. விட்டு வந்த இடத்துக்கே திரும்பச் சேர்க்கப்பட்டவர்கள், 2023இல் விக்கி.ஜிஜி என்ற விளையாட்டு விக்கிச் சேவைக்கு மறுபடியும் குடிபெயர்ந்தார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் மைன்கிராஃப்ட் விக்கியும் ஃபேண்டத்தைவிட்டு விலகித் தனி டொமைனுக்குச் சென்றது. அதற்கு இடம் கொடுத்தது வியர்டு குளூப் என்ற அமைப்பு. 2018இல் இதே வழியில் வெளியேறிய ரூன்ஸ்கேப் விக்கியினர் உருவாக்கியது அது.

வெளியேறுவதற்கும் ஒரு விலை உண்டு. ஃபேண்டத்தின் கொள்கைப்படி, சமூகம் போனாலும் பழைய விக்கி அங்கேயே இருக்கும். பல ஆண்டுகளாகச் சேர்ந்த இணைப்புகளால் கூகுள் தேடலில் அதுவே முன்னால் வரும். கவனிப்பாரற்ற பழைய பிரதியை வாசகர் படித்துக்கொண்டிருக்க, திருத்திய புதிய தளம் பின்னால் நிற்கும். சொந்த டொமைன் இருந்திருந்தால் வாசகர்களும் உடன் வந்திருப்பார்கள்.

கேட்க வேண்டிய மூன்று உறுதிகள்

இந்த அனுபவங்களிலிருந்து மூன்று நிபந்தனைகள் தெளிவாகின்றன. வாடகை வீட்டுக்குப் போகும்போதே ஒப்பந்தத்தில் எழுதி வாங்குவதுபோல, முதல் பக்கத்தை எழுதும் முன்பே இவற்றைச் சரிபார்க்க வேண்டும்.

முதலாவது உரிமம். விக்கியில் எழுதப்படுவது எழுதியவர்களின் பதிப்புரிமைக்கு உட்பட்டது. எல்லோரும் ஒரே கட்டற்ற உரிமத்தில் வெளியிட ஒப்புக்கொண்டால்தான் பிறர் அதைப் பிரதியெடுக்கவும் திருத்தவும் வேறிடம் கொண்டுசெல்லவும் முடியும். பெரும்பாலான விக்கிகள் ஏற்பது கிரியேட்டிவ் காமன்ஸின் ‘பெயர் குறிப்பிடுக, அதே உரிமத்தில் பகிர்க’ என்ற உரிமம். விக்கிப்பீடியா 2009இல் இதற்கு மாறி, 2023 முதல் இதன் 4.0 பதிப்பைப் பயன்படுத்துகிறது. அதே உரிமம் உள்ள விக்கிகளுக்கிடையே பெயர் குறிப்பிட்டுத் தகவல் பரிமாறலாம். ‘வணிகப் பயன்பாடு கூடாது’ என்ற நிபந்தனை பார்க்க நியாயமாகத் தோன்றும்; ஆனால் அது சேர்ந்துவிட்டால் அந்த உள்ளடக்கத்தை விக்கிப்பீடியாவுக்குக் கொடுக்க முடியாது. ஆயிரம் பேர் எழுதிய பிறகு உரிமத்தை மாற்ற நினைத்தால் ஒவ்வொருவரிடமும் சம்மதம் பெற வேண்டும். அது நடக்கக்கூடிய காரியமல்ல.

இரண்டாவது முழுப் பிரதி. எல்லாப் பக்கங்களையும் அவற்றின் வரலாற்றோடு ஒரே கோப்பாக இறக்கிக்கொள்ளும் வசதி வேண்டும். மீடியாவிக்கி இதை எக்ஸ்எம்எல் வடிவில் தருகிறது. அந்தக் கோப்பில் படங்கள் இருப்பதில்லை என்பதைப் பலர் பின்னால்தான் அறிகிறார்கள். படங்களைத் தனியாக எடுத்தாக வேண்டும். பயனர் கணக்குகளும் கடவுச்சொற்களும் அதில் வருவதில்லை. வரலாறு இல்லாத வெறும் பக்கங்களை மட்டும் தரும் சேவை போதாது. யார் எதை எழுதினார் என்ற பதிவு போய்விட்டால், பெயர் குறிப்பிட வேண்டும் என்ற உரிமத்தின் முதல் நிபந்தனையே நிறைவேறாது. மாதம் ஒருமுறை பிரதி எடுத்து இரண்டு இடங்களில் வைப்பதும், இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற இணைய ஆவணக்காப்பகத்தில் ஒன்றைச் சேர்ப்பதும் நல்ல பழக்கங்கள்.

மூன்றாவது முகவரி. ஆண்டுக்குச் சில நூறு அல்லது ஓரிரு ஆயிரம் ரூபாயில் சொந்த டொமைன் கிடைக்கிறது. சேவை மாறினாலும் முகவரி மாறாது. நூல்களிலும் கட்டுரைகளிலும் பிறர் கொடுத்த இணைப்புகள் அறுந்துபோகா. டொமைனைத் தனி ஒருவர் பெயரில் வாங்குவதைவிடச் சங்கத்தின் பெயரில் வாங்கி, குறைந்தது இருவருக்கு அணுக்கம் கொடுப்பது பாதுகாப்பானது. புதுப்பிக்க மறந்த டொமைன் வேறொருவர் கைக்குப் போய்விடலாம்.

தமிழுக்கான சோதனைகள்

ஆங்கிலத்தில் நன்றாக நடக்கும் சேவை தமிழில் தடுமாறலாம். முதலில் பார்க்க வேண்டியது, பக்கத் தலைப்பும் முகவரியும் தமிழில் அமைகின்றனவா என்பது. விக்கிடாட் பக்க முகவரியில் ஆங்கில எழுத்துகளையும் எண்களையும் மட்டுமே ஏற்கும். மீடியாவிக்கியில் இந்தத் தடை இல்லை. ஆயினும் தமிழ் முகவரி பிரதியெடுத்து அனுப்பும்போது நீண்டுவிடும். ‘யாழ்ப்பாணம்’ என்ற சொல்லில் பார்வைக்கு ஆறு எழுத்துகள். யுனிகோடில் அவை 11 குறிகள். ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட்டு வீதம் 33 பைட்டுகள். முகவரியில் சதவீதக் குறிகளோடு விரியும்போது 99 எழுத்துகள். மீடியாவிக்கியில் தலைப்பின் உச்ச அளவு 255 பைட்டுகள். ஆகவே தமிழ்த் தலைப்பு 85 குறிகளுக்குள் அடங்க வேண்டும். மிக நீண்ட நூற்பெயர்களுக்கு இது இடிக்கும்.

அடுத்தது அகரவரிசை. யுனிகோடில் தமிழ் எழுத்துகள் நம் நெடுங்கணக்கு வரிசையில் இல்லை. ன, ற, ள ஆகியவை முன்னால் வந்துவிடுகின்றன, புள்ளி பின்னால் போய்விடுகிறது. குறியெண் வரிசையை அப்படியே பின்பற்றும் சேவையில் ‘கலை’ முன்னாலும் ‘கல்’ பின்னாலும், ‘கனகம்’ முன்னாலும் ‘கமலம்’ பின்னாலும் நிற்கும். அகராதியோ பெயர்ப்பட்டியலோ தொகுப்பவர்களுக்கு இது பெரிய குறை. மீடியாவிக்கியில் தமிழ் வரிசைமுறையை இயக்கும் அமைப்பு உண்டு; அதைச் சேவையாளர் இயக்கித் தருவாரா என்று கேட்க வேண்டும்.

ஒரே எழுத்து இருவிதமாகத் தட்டச்சாவது இன்னொரு சிக்கல். ‘கொ’ என்பதன் உயிர்க்குறியை ஒரே குறியாகவும் அடிக்கலாம், ஒற்றைக்கொம்பு, கால் என இரண்டாகவும் அடிக்கலாம். பார்வைக்கு வேறுபாடு தெரியாது. ஆனால் கணினிக்கு அவை வேறு. மீடியாவிக்கி சேமிக்கும்போதே இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறது. இதைச் செய்யாத மென்பொருளில், இருக்கும் பக்கமே தேடலில் அகப்படாமல் போகும். இலண்டன், லண்டன் போன்ற இருவகை எழுத்துமுறைகளுக்கு வழிமாற்றுப் பக்கம் அமைக்கும் வசதியும் வேண்டும்.

இடைமுகம் தமிழில் இருப்பது கடைசியில் வைக்கக்கூடிய விஷயமல்ல. மீடியாவிக்கியின் செய்திகளைத் தன்னார்வலர்கள் டிரான்ஸ்லேட்விக்கி தளத்தில் தமிழாக்கி வைத்திருக்கிறார்கள். தமிழ்99, ஒலிபெயர்ப்பு விசைப்பலகைகளைத் தளத்துக்குள்ளேயே தரும் நீட்சியும் உண்டு. கிராமத்து ஆசிரியர் ஒருவர் தம் கைப்பேசியிலிருந்து ஒரு வரி சேர்க்க முடிகிறதா என்பதே உண்மையான சோதனை. அவருக்கு விக்கிக் குறிகள் தெரியாமலேயே எழுத உதவும் காட்சித் தொகுப்பி இருந்தால் பங்களிப்பாளர் வட்டம் பெருகும்.

திறந்த கதவும் காவலும்

எல்லோரும் தொகுக்கலாம் என்றால் விளம்பரக் குப்பை கொட்டுபவரும் வருவார், பக்கத்தை வெறுமையாக்குபவரும் வருவார். தானியங்கி நிரல்கள் காவலற்ற விக்கியை மிக விரைவில் கண்டுபிடித்து, சூதாட்ட இணைப்புகளால் நிரப்பிவிடும். ஆகவே சேவையில் இருக்க வேண்டிய காவல்கள் சில: கணக்கு தொடங்கும்போது மனிதர்தானா என்ற சோதனை, குறிப்பிட்ட சொற்களும் இணைப்புகளும் வந்தால் நிறுத்தும் வடிகட்டி, அண்மைய மாற்றங்களின் பட்டியல், ஒரு பயனரின் எல்லாத் தொகுப்புகளையும் ஒன்றாக மீட்கும் வசதி, சர்ச்சைக்குரிய பக்கங்களைக் காக்கும் பூட்டு.

பூட்டு அளவோடு இருக்க வேண்டும். சிறிய விக்கிக்கு, கணக்கு உள்ளவர் மட்டும் தொகுக்கலாம் என்ற விதி பெரும்பாலும் போதும். ஒவ்வொரு திருத்தத்துக்கும் ஒப்புதல் வேண்டும் என்று வைத்தால், ஒப்புதல் தருபவர் ஓய்ந்த நாளில் விக்கியும் ஓய்ந்துவிடும். நிர்வாகிகள் குறைந்தது மூவராவது, வெவ்வேறு ஊர்களில் இருப்பது நல்லது. அவர்களை யார் நியமிப்பது, தவறினால் யார் நீக்குவது என்பதையும் விக்கியிலேயே எழுதி வைக்க வேண்டும்.

பங்களிப்பாளரின் பாதுகாப்பும் தேர்வில் ஒரு கூறு. கணக்கில்லாமல் தொகுத்தால் பல விக்கிகளில் ஐ.பி. முகவரி எல்லோருக்கும் தெரியும். ஏ.என்.ஐ. செய்தி நிறுவனம் 2024இல் விக்கிமீடியா அறக்கட்டளை மீது தில்லி உயர் நீதிமன்றத்தில் தொடுத்த வழக்கில், தன்னைப் பற்றிய கட்டுரையைத் தொகுத்தவர்களின் விவரங்களைக் கேட்டது. சாதி, நிலம், அரசியல் போன்றவற்றை எழுதும் விக்கி, பயனர் விவரங்களில் எதைச் சேமிக்கிறது, எந்த நாட்டுச் சட்டத்துக்கு உட்பட்டது, யாருக்குத் தரும் என்பதைச் சேவையின் விதிகளில் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டும். உயிரோடு இருப்பவர்களின் தனிவிவரங்களை எழுதக் கூடாது என்ற விதியும் முதல் நாளிலேயே தேவை.

முடிவெடுக்கும் வரிசை

தேர்வை இந்த வரிசையில் நடத்தினால் குழப்பம் குறையும். தகவல் விக்கிமீடியா திட்டங்களில் பொருந்துமா என்று பார்க்க வேண்டும். பொருந்தினால் அங்கேயே எழுதலாம். பொருந்தாவிட்டால், திறந்த விக்கியா, ஆசிரியர் குழு காக்கும் விக்கியா என்று முடிவு செய்ய வேண்டும். அடுத்து உரிமத்தை எழுதி வைத்து, டொமைனை வாங்க வேண்டும். பிறகு இரண்டு சேவைகளில் பத்துப் பத்துப் பக்கங்கள் எழுதிப் பார்க்கலாம்: ஒரு படம், ஓர் அட்டவணை, ஒரு வார்ப்புரு (பல பக்கங்களில் மீண்டும் பயன்படும் அச்சு), ஒரு பகுப்பு, நீண்ட தமிழ்த் தலைப்பு ஒன்று. கைப்பேசியிலிருந்து சிலரைத் தொகுக்கச் சொல்லலாம். கடைசியாக, அந்தப் பத்துப் பக்கங்களையும் வரலாற்றோடும் படங்களோடும் இறக்கி, வேறிடத்தில் ஏற்றிப் பார்க்க வேண்டும். இந்தக் கடைசிச் சோதனையில் தவறும் சேவை, மற்ற எல்லாவற்றிலும் சிறந்து நின்றாலும் கைவிடத்தக்கதே.

இன்றைய நிலையில், பணபலம் இல்லாத தமிழ்க் குழுவுக்கு ஏற்றது மீடியாவிக்கியில் இயங்கும், விளம்பரமற்ற, சொந்த டொமைனை அனுமதிக்கும் சேவை. நிதி ஒதுக்கீடு உறுதியான நிறுவனத்துக்குக் கட்டணச் சேவை நன்மை தரும். தொழில்நுட்பம் தெரிந்த சிலர் நிலையாகக் கிடைக்கும்போது சொந்த வழங்கிக்கு மாறிக்கொள்ளலாம். எந்த வழியில் போனாலும், எழுதியவர்களின் பெயரோடு முழுப் பிரதியும் குழுவின் கையில் இருக்க வேண்டும். சேவைகள் வரும், போகும். ஊதியமின்றி எழுதிய மக்களின் உழைப்பு அவற்றோடு போய்விடாமல் காப்பது விக்கியைத் தொடங்குபவரின் கடமை.